ஒரே தூண், இரண்டு மென்பொருள், இரண்டு விடை: எதை நம்புவது?

ஈசூன்வாசி

வணக்கம். கட்டமைப்பு வடிவமைப்பில் இருக்கும் நண்பர்கள் வழிகாட்ட வேண்டும்.

400 × 400 மி.மீ. தூண். கான்கிரீட் சி 32/40 (சிலிண்டர் சோதனையில் 32, கியூப் சோதனையில் 40 மெகாபாஸ்கல் வலிமை). எட்டு எச் 25 (25 மி.மீ. விட்டம்) கம்பிகள்: மேல் முகத்தில் 3, கீழ் முகத்தில் 3, நடுவில் பக்கத்துக்கு ஒன்று. முகத்திலிருந்து கம்பி மையம் வரை 60 மி.மீ. கம்பியின் வலிமை 500 மெகாபாஸ்கல். இதைவிட எளிய வெட்டுமுகம் இருக்க முடியாது.

அலுவலகத்தில் கட்டடம் முழுவதையும் மாதிரி போடும் மென்பொருள் இதன் அச்சுத் தாங்குதிறன் 4,400 கிலோநியூட்டன் என்கிறது. வெட்டுமுகத்தை மட்டும் ஆராயும் இன்னொரு மென்பொருளில் போட்டால் 4,900. நான் கையால் போட்டது 4,540. சரிபார்ப்பாளர் தரப்பிலிருந்து "எந்த எண்ணை வைத்துக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள்?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். முதலில் கண்ணறையை (மென்பொருள் வெட்டுமுகத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) இன்னும் நுண்ணியதாக்கினால் சரியாகும் என்று நினைத்தேன். நுண்ணியதாக்கியும் எண்கள் அசையவில்லை.

---

கம்பிக்கணக்கு

தம்பி, கண்ணறையை விடுங்கள். செவ்வக வெட்டுமுகத்துக்கு அதனால் அரை சதவீதம்கூட மாறாது.

இரண்டாவது மென்பொருளில் விதிநூல் என்று என்ன தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்? வெறும் யூரோகோட் 2 (ஐரோப்பியக் கான்கிரீட் விதிநூல்) என்றா, அல்லது சிங்கப்பூர் தேசிய இணைப்போடு (நாடு தன் கெழுக்களைத் தரும் பின்னிணைப்பு) சேர்த்தா? கான்கிரீட்டின் வடிவமைப்பு வலிமையைத் தீர்மானிக்கும் ஆல்ஃபா சிசி என்ற கெழுவின் மதிப்பை அமைப்புப் பக்கத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

---

ஈசூன்வாசி

பார்த்தேன் அண்ணா. 1.0 என்று இருக்கிறது. 0.85 ஆக மாற்றினேன், 4,400 வந்துவிட்டது! இப்போது இரண்டு மென்பொருளும் ஒத்துப்போகின்றன. ஆனால் என் கைக்கணக்கில் 0.85தான் போட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் 4,540 வருகிறது.

---

கம்பிக்கணக்கு

சரி, இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் ஆல்ஃபா சிசி. ஐரோப்பிய மூல ஆவணம் பரிந்துரைக்கும் மதிப்பு 1.0. நம் சிங்கப்பூர் தேசிய இணைப்பு, பிரிட்டனைப் போலவே, வளைவுக்கும் அச்சு விசைக்கும் 0.85 என்கிறது. அதனால் நமக்கு வடிவமைப்பு வலிமை 0.85 × 32 ÷ 1.5 = 18.13 மெகாபாஸ்கல் (1.5 என்பது கான்கிரீட்டின் காப்புக்கெழு). 1.0 போட்டால் 21.33. உங்கள் தூணில் இந்த ஒரு கெழு மட்டும் 500 கிலோநியூட்டனை இல்லாத இடத்திலிருந்து கொண்டு வந்துவிட்டது. பதினொரு சதவீதம். நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்க வசதி உள்ள மென்பொருளில் அதைச் செய்யுங்கள். அந்த வசதி இல்லை என்றால் கெழுக்களை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றுங்கள். மாற்றிய பக்கத்தை அச்சிட்டு அறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் 4,540. கான்கிரீட் பரப்பு 160,000 இல் கம்பிப் பரப்பு 3,927 கழித்தால் 156,073. அதை 18.13 ஆல் பெருக்கினால் 2,830. கம்பிக்கு (500 ஐக் காப்புக்கெழு 1.15 ஆல் வகுத்தால் 435) 3,927 × 435 = 1,708. கூட்டினால் 4,538. இதுதானே போட்டீர்கள்?

வேறுபாடு அந்த 435 இல்தான் இருக்கிறது. தூண் முழுவதும் சீராக அமுங்கும்போது யூரோகோட் 2 அமுக்கத் திரிபை (நீளத்தில் எத்தனை பங்கு சுருங்குகிறது என்பதை) 0.002 இல் நிறுத்திவிடுகிறது. கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்தேதான் அமுங்குகின்றன, அதனால் கம்பியின் திரிபும் 0.002தான். அதை எஃகின் மீள்மைக் கெழு 200,000 ஆல் பெருக்கினால் 400 மெகாபாஸ்கல். கம்பி 435 ஐத் தொட 0.00217 வேண்டும். அங்கே போய்ச் சேர விதி விடுவதில்லை. 3,927 × 400 = 1,571. 2,830 ஐக் கூட்டுங்கள்: 4,401.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். திரிபோடு கான்கிரீட்டின் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை) ஏறும் வடிவத்தைப் பரவளைவும் செவ்வகமுமாக எடுத்தால்தான் 0.002. இருகோட்டு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் வரம்பு 0.00175, கம்பியின் தகைவு 350, மொத்தம் சுமார் 4,200. ஒரே விதிநூல், ஒரே தேசிய இணைப்பு, ஆனாலும் விடை வேறு. மூன்றாவது மென்பொருளைத் திறந்து 4,200 வந்தால் பயப்பட வேண்டாம்.

---

செம்பவாங்_தளம்

சார், நான் தளத்தில் வேலை பார்ப்பவன். மூன்று சதவீதத்துக்கு இவ்வளவு பேச்சு தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. கம்பிக் கூண்டு இறக்கும்போது கவர் கட்டை (கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் இடைவெளி காக்கும் கட்டை) ஒன்று உடைந்தாலே கம்பி பத்து மி.மீ. நகர்ந்துவிடும். அதை எந்த மென்பொருள் பார்க்கிறது?

---

சரிபார்ப்பு_மேசை

செம்பவாங் தம்பி சொல்வது நியாயமான கேள்வி. அதையே எண்ணாக்கிப் பார்க்கலாம். ஈசூன் தம்பியின் தூணையே எடுத்துக்கொள்கிறேன். சமநிலைப் புள்ளியை (கான்கிரீட் நொறுங்குவதும் இழுவைக் கம்பி இளகுவதும் ஒரே நேரத்தில் நடக்கும் நிலை) கையால் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் சரிபார்க்கும் பக்கத்தில் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அமுக்க விளிம்பில் கான்கிரீட்டின் திரிபு 0.0035. இழுவைக் கம்பி அப்போதுதான் 0.00217 ஐத் தொடுகிறது. பயனுறு ஆழம் (அமுக்க விளிம்பிலிருந்து இழுவைக் கம்பி வரை) 340. ஒத்த முக்கோணங்களின்படி நடுநிலை அச்சின் (அமுக்கமும் இழுவையும் இல்லாத கோடு) ஆழம் 340 × 0.0035 ÷ 0.00567, அதாவது ஏறக்குறைய 210 மி.மீ. செவ்வகத் தகைவுக் கட்டம் அதில் 0.8 பங்கு, 168 மி.மீ. கான்கிரீட் விசை 18.13 × 400 × 168, சுமார் 1,217 கிலோநியூட்டன். அது தூணின் மையத்திலிருந்து 116 மி.மீ. தள்ளிச் செயல்படுகிறது.

மேல் கம்பி மூன்றும் 0.0025 திரிபில் இருக்கின்றன, அதாவது இளகிவிட்டன. அவை இருக்கும் இடத்தில் கான்கிரீட் இல்லை என்பதால் 435 இலிருந்து 18 ஐக் கழித்துக்கொண்டு 1,473 ஆல் பெருக்கினால் 614. நடுக் கம்பிகள் கிட்டத்தட்ட நடுநிலை அச்சிலேயே இருப்பதால் வெறும் 32. கீழ்க் கம்பிகள் இழுவையில் 641. ஆக அச்சு விசை 1,217 + 614 + 32 − 641 = 1,222. மையத்தைப் பற்றிய திருப்புமை (விசை × தூரம்): கான்கிரீட்டால் 141, மேல் கம்பியால் 86, கீழ்க் கம்பியால் 90. மொத்தம் 317 கிலோநியூட்டன் மீட்டர்.

இனி கூண்டு பத்து மி.மீ. சுருங்கிவிட்டது என்று வையுங்கள். கம்பிகளின் நெம்புகோல் 140 இலிருந்து 130 ஆகிறது. இழப்பு தோராயமாக 12 கிலோநியூட்டன் மீட்டர், நான்கு சதவீதம். தளத்தில் நடக்கும் பிழைக்கும் நாம் பேசிக்கொண்டிருக்கும் மூன்று சதவீதத்துக்கும் அளவு ஒன்றுதான். அதற்காகத்தான் 1.5, 1.15 போன்ற பகுதிக் காப்புக்கெழுக்கள் இருக்கின்றன. ஆனால் 0.85 க்குப் பதில் 1.0 போடுவதையும் சிலிண்டர் வலிமைக்குப் பதில் கியூப் வலிமையைப் போடுவதையும் அந்தக் கெழுக்கள் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. இவை தளத்துப் பிழையோடு கூடும். ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளாது.

---

ஈசூன்வாசி

அக்கா, மிக்க நன்றி. மென்பொருளின் வரைபடத்தில் 1,222 க்கு எதிரே 320 ஐ ஒட்டி வருகிறது. பரவளைவு வடிவத்துக்கும் செவ்வகக் கட்டத்துக்கும் உள்ள வேறுபாடு என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

சரிபார்ப்பு_மேசை

அதுவும் இருக்கலாம். கம்பி இடம்பிடித்த கான்கிரீட்டைக் கழிக்காமல் விட்டாலும் ஏறக்குறைய 321 வரும். மென்பொருளில் அதற்கென ஒரு தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் உண்டு. இரண்டில் எதுவானாலும் எனக்குக் கவலை இல்லை. எது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சரிபார்ப்பாளர் கேள்வி கேட்டாரே என்று வருத்தப்படாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட சரிபார்ப்பாளர் என்ற ஏற்பாடு இந்த ஊரில் எப்படி வந்தது என்பது நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1986 மார்ச் 15 அன்று செராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த ஆறு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கில் சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதன் பிறகுதான் 1989 இன் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டமும், வடிவமைத்தவரோடு தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் தாமாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்ற விதியும் வந்தன. தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும் நம்மில் பலர் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறோம்.

அந்த விதியின்படி நாங்கள் உங்கள் கோப்பை அப்படியே திறந்து மறுபடி ஓட்டினால் அது சரிபார்ப்பு ஆகாது. நீங்கள் 1.0 என்று விட்டிருந்தால் எங்களுக்கும் அதே 4,900தான் வரும். அதனால்தான் வேறு மென்பொருள், அதோடு மூன்று புள்ளிகளுக்குக் கைக்கணக்கு: சுத்த அமுக்கம், சமநிலை, அச்சு விசை இல்லாத சுத்த வளைவு. இந்த மூன்றும் பொருந்தினால் இடையில் உள்ள வளைகோட்டை நம்பலாம்.

---

கிராஞ்சி_கடைவீடு

கியூப் வலிமை பற்றி அக்கா சொன்னதால் இதையும் எழுதிவிடுகிறேன். நான் பழைய கட்டடங்களில் மாற்றமும் கூட்டலும் செய்யும் வேலையில் இருக்கிறேன். 80களின் வரைபடங்களில் "கிரேடு 30" என்று போட்டிருக்கும். அது கியூப். அதை யூரோகோட் மென்பொருளில் அப்படியே 30 என்று இட்டால் தப்பு. இன்றைய பெயரில் அது சி 25/30, இட வேண்டியது 25. பழைய பிரிட்டிஷ் விதிநூல் பிஎஸ் 8110 இலும் நம் சிங்கப்பூர் விதிநூல் சிபி 65 இலும் கணக்கு முழுக்க கியூபில்தான் ஓடியது. இங்கே யூரோகோட் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, 2015 ஏப்ரல் முதல் அது மட்டுமே என்று ஆனது. அதற்கு முன் படித்தவர்களுக்குக் கை தானாகவே கியூப் எண்ணுக்குத்தான் போகும்.

இதில் அழகான ஒரு விஷயம் உண்டு. சி 32/40 க்குப் பழைய முறையில் 0.45 × 40 = 18. புதிய முறையில் 18.13. விதிநூல் மாறினாலும் கான்கிரீட் மாறவில்லை. 18 ஐ ஒட்டி வரவில்லை என்றால் எங்கோ தவறியிருக்கிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். யூரோகோட் சூத்திரத்தில் 40 ஐப் போட்டால் 22.67 வரும். ஈசூன் தம்பியின் தூண் 5,100 தாங்கும் என்று மென்பொருள் தயங்காமல் சொல்லும்.

---

கம்பிக்கணக்கு

கிராஞ்சி, இதைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். பழைய கட்டடத்தில் கம்பியையும் சேர்த்துச் சொல்லுங்கள். வழவழப்பான கம்பி என்றால் 250 மெகாபாஸ்கல். மென்பொருள் தானாக 500 என்று வைத்திருக்கும்.

---

ஜொகூர்_பாலம்

மென்பொருளுக்குச் சந்தா கட்ட முடியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் எவான் பென்ட்ஸ் எழுதிய ரெஸ்பான்ஸ் 2000 இலவசம். உத்தரத்தின் வெட்டுமுகத்தில் வளைவையும் வெட்டு விசையையும் சேர்த்துப் பார்க்கும். பெரும்பாலான வெட்டுமுக மென்பொருளில் வெட்டு விசை தனிச் சூத்திரமாகத்தான் ஒட்டியிருக்கும். இது விரிசல் விட்ட கான்கிரீட் எப்படி விசையைக் கடத்துகிறது என்ற அமுக்கப் புலக் கோட்பாட்டின் மேல் நிற்கிறது. ஆனால் எந்த விதிநூலுக்கும் கட்டுப்பட்டதல்ல. பகுதிக் காப்புக்கெழு போடும் பொறுப்பு நம்முடையது. படிப்பதற்கும், பழைய உத்தரம் உண்மையில் எவ்வளவு தாங்கும் என்று அறிவதற்கும் இதைப்போல் ஒன்று கிடைக்காது.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு கான்கிரீட் ப்ராபர்டீஸ் என்ற திறந்த மூல நூலகம் இருக்கிறது. எந்த வடிவமும் கொடுக்கலாம், இருதிசை வளைவு, திருப்புமை வளைமை வரைபடம் எல்லாம் வரும். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விதிகள் உள்ளேயே இருக்கின்றன. யூரோகோட்டுக்குத் தகைவுத் திரிபு உறவை நாமே எழுதிக் கொடுக்கலாம்.

---

தோ_பாயோ_மூத்தவர்

இலவச மென்பொருளை வைத்துக் கட்டட, கட்டுமான ஆணையத்துக்குச் சமர்ப்பிக்கச் சொல்கிறீர்களா? நாளை ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? பெரிய நிறுவனத்தின் மென்பொருள் என்றால் பல ஆண்டுகள், பல ஆயிரம் பேர் பயன்படுத்திச் சோதித்தது.

---

ஜொகூர்_பாலம்

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். பதில் சொல்லப் போவது கையெழுத்துப் போட்ட பொறியாளர்தான். எந்தப் பெரிய நிறுவனத்தின் உரிம ஒப்பந்தத்தையும் கடைசிப் பக்கம் வரை படித்துப் பாருங்கள், விடைக்குப் பொறுப்பு பயன்படுத்துபவர் மேல் என்றுதான் இருக்கும். திறந்த மூலத்தில் 0.85 எங்கே நுழைகிறது என்று வரி வரியாகப் பார்க்கலாம். மூடிய மென்பொருளில் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் நமக்குத் தெரியும்.

---

கம்பிக்கணக்கு

இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. பலர் பயன்படுத்திய மென்பொருளில் நிரல் பிழைகள் குறைவு, ஐயா சொல்வது சரி. ஆனால் நான் பார்த்தவரை வெட்டுமுகக் கணக்கில் ஆபத்து நிரல் பிழையால் வந்ததே இல்லை, இடுபொருளாலும் அனுமானத்தாலும்தான் வருகிறது.

2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் வட்டப் பாதை எம்ஆர்டி ரயிலுக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே பயன்படுத்திய மண்ணியல் மென்பொருள் உலகம் முழுவதும் நம்புகிற ஒன்று, அது தவறாகக் கணக்கிடவில்லை. கடல் களிமண்ணுக்குப் பொருந்தாத ஒரு பொருள் மாதிரியைத் தேர்ந்தெடுத்ததால் மண்ணின் வலிமை கூடுதலாகவும், தடுப்புச் சுவரில் வரும் திருப்புமை குறைவாகவும் காட்டப்பட்டன. தாங்கு விட்டங்களின் இணைப்பு வடிவமைப்பிலும் குறை இருந்தது. அந்தச் சுவருக்குக் கம்பி போட்டவர் வெட்டுமுகக் கணக்கை எவ்வளவு துல்லியமாகச் செய்திருந்தாலும், உள்ளே வந்த திருப்புமையே குறைவு என்றால் என்ன பயன்?

---

ஈசூன்வாசி

இன்னொரு கேள்வி. இதே தூண் கட்டடத்தின் மூலையிலும் வருகிறது. அங்கே இரு திசையிலும் திருப்புமை. அச்சு விசை 2,000. யூரோகோட்டின் அடுக்குச் சூத்திரத்தில் (இரு திசைத் திருப்புமை விகிதங்களையும் ஓர் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால் 1 ஐத் தாண்டக் கூடாது) 1.04 வந்து தேறவில்லை. மென்பொருளின் முப்பரிமாணப் பரப்பில் 0.97 வந்து தேறுகிறது. எதை எடுத்துக்கொள்வது?

---

சரிபார்ப்பு_மேசை

ஒவ்வொரு திசையிலும் 0.6 பங்கு வருகிறது என்று நினைக்கிறேன். சூத்திரத்தைப் பார்ப்போம். அச்சு விகிதத்துக்கு அந்தப் பிரிவில் மொத்தப் பரப்பையும் 435 ஐயுமே போடச் சொல்கிறார்கள்: 2,901 + 1,708 = 4,609. (இங்கே 400 போடக் கூடாது, சூத்திரம் அப்படித்தான் அமைந்திருக்கிறது.) விகிதம் 0.43. விகிதம் 0.1 க்கு அடுக்கு 1.0, 0.7 க்கு 1.5. இடையில் நேர்கோடு என்றால் 1.28. 0.6 ஐ 1.28 அடுக்குக்கு உயர்த்தினால் 0.52, இரண்டும் சேர்ந்து 1.04. உங்கள் எண் சரி.

இது எளிமைப்படுத்திய முறை. பாதுகாப்பான பக்கம் சாயும்படி வைத்திருக்கிறார்கள். நடுநிலை அச்சைக் கோணம் கோணமாகத் திருப்பித் திரிபுகளிலிருந்து நேராகக் கணக்கிடும் மென்பொருளின் பரப்பு பெரும்பாலும் இதைவிடச் சற்றுத் தாராளமாக இருக்கும். 0.97 ஐ ஏற்கலாம், அடிப்படை அமைப்புகள் சரி என்று காட்டியிருந்தால். அதைத்தான் மேலே செய்துவிட்டீர்கள்.

ஆனால் அந்த 0.97 க்குள் எந்தத் திருப்புமை போயிருக்கிறது? வெட்டுமுக மென்பொருளுக்குத் தூணின் உயரம் தெரியாது. மெலிவால் (மெலிந்த தூண் வளைவதால்) வரும் இரண்டாம் நிலைத் திருப்புமையும், வடிவக் குறையால் (தூண் சற்றுச் சாய்ந்தோ வளைந்தோ கட்டப்படுவதால்) வரும் திருப்புமையும் வெளியே கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டனவா? குறைந்தபட்ச மையவிலக்கம் (விசை மையத்திலிருந்து தள்ளி நிற்கும் தூரம்) ஆழத்தில் முப்பதில் ஒரு பங்கு அல்லது 20 மி.மீ., எது அதிகமோ அது. உங்களுக்கு 20. ஆக 2,000 க்குக் குறைந்தது 40 கிலோநியூட்டன் மீட்டர். முழுக் கட்டட மாதிரி இதையெல்லாம் தானாகச் சேர்த்திருக்கும், தனி மென்பொருள் சேர்த்திருக்காது. இரண்டையும் ஒப்பிடும் முன் இதைப் பாருங்கள். 0.97 என்பது ஒன்றைத் தாண்ட அதிக தூரமில்லை.

---

ஈசூன்வாசி

பார்த்தேன் அக்கா. மெலிவு வரம்புக்குள் இருக்கிறது, இரண்டாம் நிலை தேவைப்படவில்லை. ஆனால் வடிவக் குறை சேரவில்லை. சேர்த்தால் 1.01. கம்பியை எச் 28 ஆக்கப் போகிறேன்.

---

செம்பவாங்_தளம்

எச் 28 ஆக்கினால் ஒட்டு போடும் இடத்தில் நெருக்கம் பார்த்துக்கொள்ளுங்கள் சார். 400 தூணில் முகத்துக்கு மூன்று என்றால் இறங்கும். உத்தரக் கம்பியும் குறுக்கே வரும்போது வைப்ரேட்டர் நுழைய வழி விட வேண்டும்.

---

மரீன்_பரேட்_பைல்

இழை நன்றாகப் போகிறது, நானும் ஒன்று கேட்கிறேன். 800 மி.மீ. துளைத்து வார்க்கும் பைல் (தரைக்குள் இறங்கும் அடித்தளத் தூண்), நிரந்தர எஃகு உறை இல்லை. கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்டின் தடிமன்) 75. வெட்டுமுக மென்பொருளில் வட்டம் 800 என்று போட்டால் போதுமா?

---

கம்பிக்கணக்கு

போதாது. நிரந்தர உறை இல்லாத பைலுக்கு யூரோகோட் 2 இரண்டு இடத்தில் குறைக்கச் சொல்கிறது. 400 இலிருந்து 1,000 மி.மீ. வரை விட்டத்தில் 0.95 பங்கைத்தான் கணக்கில் எடுக்கலாம், அதனால் உங்களுக்கு 760. கான்கிரீட்டின் காப்புக்கெழுவையும் 1.1 ஆல் பெருக்க வேண்டும். 1.5 என்பது 1.65 ஆகும். இரண்டும் சேர்ந்தால் கான்கிரீட்டின் பங்கு 18 சதவீதம் இறங்கும். தூணுக்கென்று எழுதிய மென்பொருள் இதைத் தானாகச் செய்யாது.

---

மரீன்_பரேட்_பைல்

சரி அண்ணா, 760, 1.65, கவர் 75 என்று போட்டு ஓட்டுகிறேன்.

---

கம்பிக்கணக்கு

கவரை மட்டும் 55 ஆக்குங்கள். விட்டம் குறைவது கணக்கில்தான், கூண்டு தன் இடத்தில்தான் இருக்கிறது. 75 என்றே விட்டால் மென்பொருள் கம்பிகளைச் சுற்றிலும் 20 மி.மீ. உள்ளே இழுத்துவிடும், திருப்புமைத் தாங்குதிறன் தேவையில்லாமல் குறையும், வீணாகக் கம்பி கூடும்.